சோடியமா, பழைய செல்லா, முடிவெடுக்கும் மனிதரா? பேட்டரி ஆய்வில் பிஎச்.டி. தலைப்பைத் தேர்வது

ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்துவிட்டது. பேட்டரியில்தான் ஆய்வு என்பதும் முடிவாகிவிட்டது. இனி எந்தத் தலைப்பு என்பதுதான் கேள்வி. நீடித்த வேதியியல் என்ற பெயரில் பிஎச்.டி. சேர்பவர்கள் முன்னால் பெரும்பாலும் மூன்று வகை வேலைகள் வருகின்றன. லித்தியம் தேவைப்படாத சோடியம்-அயனி பேட்டரிக்கு மின்முனைப் பொருள் செய்வது ஒன்று. ஓய்ந்துபோன லித்தியம் செல்களிலிருந்து உலோகங்களை மீட்பது இன்னொன்று. மூன்றாவது கொஞ்சம் புதியது: எந்தப் பேட்டரி நல்லது என்று பொறியாளரும் அரசும் வண்டி வாங்குபவரும் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை வேதியியல் தரவோடு சேர்த்து ஆராய்வது.

மூன்றையும் எதை வைத்து ஒப்பிடுவது? முடிவெடுப்பியலில் ஸ்விங் எடை முறை என்று ஒன்று உண்டு. ஓர் அளவுகோல் பொதுவாக எவ்வளவு முக்கியம் என்று அது கேட்காது. நம் முன் இருக்கும் வாய்ப்புகளுக்கு நடுவே அந்த அளவுகோல் எவ்வளவு மாறுகிறது, அந்த மாற்றத்துக்காக வேறு எதை விட்டுக்கொடுப்போம் என்று கேட்கும். பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கையில் பணம் முக்கியம்தான். ஆனால் 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். தொகை எந்தத் தலைப்புக்கும் மாதம் 37,000 ரூபாய், முதுநிலை உதவித்தொகையான எஸ்.ஆர்.எஃப். ஆனதும் 42,000. மூன்று தலைப்புக்கும் வித்தியாசமே இல்லை என்பதால் இந்த முடிவில் அதன் எடை பூஜ்யம். 'எது உலகத்துக்கு அதிகம் தேவை' என்பதும் ஏறக்குறைய அப்படித்தான், மூன்றுமே தேவை. பெரிதாக மாறுபவை வேறு: எந்தக் கருவி பழுதானால் வேலை எத்தனை மாதம் நிற்கும், முதல் நம்பத்தக்க எண் எத்தனை மாதத்தில் கைக்கு வரும், நினைத்தது நடக்காவிட்டால் மிச்சமிருப்பதை வைத்து ஆய்வேடு எழுத முடியுமா. கடைசிக் கேள்விதான் மிகக் கனமானது. யு.ஜி.சி.யின் 2022 விதிகள் 6 ஆண்டு வரை அனுமதிக்கின்றன. ஃபெல்லோஷிப் 5 ஆண்டோடு நின்றுவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம். லித்தியம் கார்பனேட் சீனச் சந்தையில் 2022 இறுதியில் டன்னுக்குச் சுமார் 6 லட்சம் யுவானுக்குப் போனது. 2024 தொடக்கத்தில் சுமார் 1 லட்சம் யுவானுக்கு இறங்கிவிட்டது. 'லித்தியம் விலை ஏறிக்கொண்டே போகிறது' என்று தொடங்கும் ஆராய்ச்சி முன்மொழிவு எழுதியவருக்கு இரண்டாம் ஆண்டிலேயே முதல் பத்தி பொய்யாகிவிட்டது. ஐந்தாண்டு வேலையின் நியாயத்தைச் சந்தை விலையில் கட்டி வைக்கக் கூடாது. சோடியத்துக்கும் மறுசுழற்சிக்கும் இது சமமாகப் பொருந்தும்.

சோடியம்-அயனி

ஈர்ப்பு எளிதில் புரிகிறது. பூமியின் மேலோட்டில் சோடியம் இரண்டு சதவீதத்துக்கு மேல், லித்தியம் பத்து லட்சத்தில் 20 பங்கு. சோடியம் அலுமினியத்தோடு கலவை உலோகமாவதில்லை, ஆகவே ஆனோடு (எதிர்முனை) பக்கமும் தாமிரத் தகட்டுக்குப் பதில் அலுமினியத் தகடே போதும். தொழிலும் நகர்கிறது: சீனாவின் பேட்டரி நிறுவனம் சி.ஏ.டி.எல். 2021 ஜூலையில் கிலோவுக்கு 160 வாட்-மணி தரும் முதல் தலைமுறை செல்லை அறிவித்தது, பிரிட்டனின் சோடியம்-அயனி நிறுவனம் ஃபாரடியானை ரிலையன்ஸ் வாங்கியது.

கேத்தோடுக்கு (நேர்முனை) மூன்று பொருள் குடும்பங்கள். அடுக்கு ஆக்சைடுகள் அதிகக் கொள்ளளவு தரும், ஆனால் ஈரக் காற்று பட்டால் மேற்பரப்பில் சோடியம் ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் உருவாகும். அந்தக் காரம், பொடியைத் தகட்டோடு ஒட்டவைக்கும் பி.வி.டி.எஃப். பைண்டரைச் சிதைப்பதால், தகட்டில் பூசக் கலக்கும் கூழான ஸ்லரி ஜெல்லி போல இறுகிவிடும். சென்னை போன்ற கடலோர ஊரில் மழைக்காலத்தில் திறந்த மேசையில் ஸ்லரி கலக்கும் ஆய்வகத்துக்கு இது கையைச் சுடும். இரும்பு-சயனைடு சேர்மமான பிரஷ்யன் ஒயிட் அறை வெப்பத்தில் வீழ்படிவாகக் கிடைக்கும், மலிவு. ஆனால் படிகத்துக்குள் தங்கும் நீரை வெற்றிடச் சூட்டில் வெளியேற்றினாலும் வெளியே எடுத்ததும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். சயனைடு கழிவுக்கு வழியில்லாத துறையில் இதைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது, பாலி-அயனிச் சேர்மங்கள். சல்பேட் போன்ற பாலி-அயனித் தொகுதிகள் இரும்பின் மின்னழுத்தத்தை உயர்த்தும் என்பதை 1980களின் இறுதியில் லித்தியம்-அயனி பேட்டரியின் முன்னோடி ஜான் குடினஃபோடு சேர்ந்து காட்டியவர் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். 2019இல் ஸ்டாக்ஹோமில் குடினஃபின் நோபல் உரையை நிகழ்த்தியதும் அவரே. அந்த வழியில் வந்ததுதான் சோடியம் இரும்பு பாஸ்பேட்-பைரோபாஸ்பேட், சுருக்கமாக என்.எஃப்.பி.பி. கோட்பாட்டுக் கொள்ளளவு கிராமுக்கு 129 மில்லி ஆம்பியர்-மணி, சராசரி மின்னழுத்தம் 3.1 வோல்ட் அளவில். வனேடியம் இல்லை, கோபால்ட் இல்லை, காற்றுக்கும் பெரிதாக அஞ்சாது. சாதாரண பல்கலைக்கழக ஆய்வகம் சோடியத்தில் இறங்க வேண்டுமென்றால் இதிலிருந்து தொடங்குவதே நல்லது.

செய்முறை கேட்க எளிது: இரும்பு நைட்ரேட், சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், சிட்ரிக் அமிலம் மூன்றையும் கரைத்து, உலர்த்தி, ஆர்கானில் 300 டிகிரி அளவில் முன்சூடு, பிறகு 500 முதல் 550 டிகிரியில் சுமார் 10 மணி நேரம். பிரச்சினை இங்கே வரும். சூடு கூடினாலோ சோடியம்-இரும்பு விகிதம் பிசகினாலோ மாரிசைட் என்ற சோடியம் இரும்பு பாஸ்பேட் பிரியும். அது மின்வேதி வேலை செய்யாத வெறும் சுமை. ஆர்கானில் ஆக்சிஜன் கசிந்தால் இரும்பு ஆக்சிஜனேற்றமடையும். கார்பன் பூச்சின் அளவைக் காற்றில் டி.ஜி.ஏ. (சூடேற்றி எடை மாற்றத்தை அளப்பது) ஓட்டி மட்டும் கணக்கிட்டால் தப்பாக வரும்: கார்பன் எரிந்து எடை குறையும்போதே இரும்பு ஆக்சிஜனை ஏற்று எடை கூடுவதால், கார்பன் குறைவாக இருப்பதாகக் காட்டும். கார்பனை நேரடியாக அளக்கும் சி.எச்.என். பகுப்பாய்வும் சேர்த்துச் செய்யுங்கள்.

இனி ஆய்வகத்தில் சோதிக்கும் நாணய வடிவக் காயின் செல் ஒன்றைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். 12 மி.மீ. விட்டத்தில் வெட்டிய மின்முனையின் பரப்பு 1.13 சதுர செ.மீ. 15 மைக்ரான் அலுமினியத் தகடு மட்டும் 4.58 மி.கி. மொத்த எடை 7.40 மி.கி. என்றால் பூச்சு 2.82 மி.கி. அதில் 80 சதவீதம் செயல்படு பொருள், அதாவது 2.26 மி.கி. நாலு தசம இடத் தராசில் எடை 0.1 மி.கி. தள்ளிப்போனால் பூச்சில் 3.5 சதவீதப் பிழை. 129 என்பது 125 ஆகவும் தெரியும், 134 ஆகவும் தெரியும். கோட்பாட்டு அளவைத் தாண்டிய கொள்ளளவைப் பார்த்து 'புதிய இயங்குமுறை' என்று கட்டுரை எழுதப் புறப்படுவதற்கு முன் தகட்டின் எடையைப் பத்து வட்டுகளில் நிறுத்துப் பாருங்கள். ஐந்து தசம இடத் தராசு உள்ள துறையில் சேருவது இந்த வகையில் உண்மையான லாபம்.

அதோடு, சதுர செ.மீ.க்கு 2 மி.கி. என்ற இந்தப் பூச்சு தொழிற்சாலை செல்லில் இருப்பதில் சிறு பங்குதான். எதிரே சோடியம் உலோகம் இருப்பதால் அயனிக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சோடியம் தொலைந்தாலும், இப்படி எதிரே உலோகம் வைத்த அரை செல்லில் தெரியாது. ஒழுங்கற்ற அமைப்புள்ள கரியான ஹார்ட் கார்பன் ஆனோடோடு முழு செல் கட்டும்போதுதான் முதல் சுற்றிலேயே பத்து சதவீதத்துக்கு மேல் காணாமல் போவது கண்ணில் படும். முழு செல் தரவு இல்லாத சோடியம் ஆய்வேடு இன்று போதாது.

அடுத்தது சானல் கணக்கு: செல்லை ஏற்றி இறக்கும் சைக்ளர் கருவியில் ஒரு செல்லுக்கு ஒரு சானல் வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஏற்றி ஒரு மணி நேரத்தில் இறக்கும் வேகத்தில் 500 சுற்று ஓட 1000 மணி நேரம், சுமார் 42 நாள். நாலு மாதிரி, ஒவ்வொன்றிலும் மூன்று செல் என்றால் 12 சானல்கள் 42 நாளுக்கு உங்களுக்கே வேண்டும். துறையில் 8 சானல் இருந்து அதை ஐந்து பேர் பகிர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு மின்தடை, யு.பி.எஸ். கைவிட்டது என்றால் அந்த ஓட்டம் முழுக்கச் சந்தேகத்துக்குரியது. ஆர்கான் நிரப்பிய மூடிய வேலைப்பெட்டியான கிளவ் பாக்ஸில் ஈரமும் ஆக்சிஜனும் 1 பி.பி.எம்.முக்குக் கீழே நிற்காவிட்டால் சோடியத் துண்டு வெட்டிய சில நிமிடத்தில் மங்கிவிடும்.

ஹார்ட் கார்பனைப் பற்றி ஒரு வார்த்தை. தேங்காய் ஓடு, வாழைத்தோல் என்று புதிய தாவரக் கழிவைக் கரியாக்குவது தலைப்பாகவே பலருக்குத் தரப்படுகிறது. இன்னொரு தோலின் பெயரைச் சேர்ப்பதில் அறிவு கூடுவதில்லை. மூடிய நுண்துளைகள் எந்த வெப்பத்தில் எப்படி உருவாகின்றன என்பது நல்ல கேள்வி, அதற்கு 1200 முதல் 1400 டிகிரி வேண்டும். பல துறைகளில் உள்ள குழாய் உலை 1100 டிகிரியோடு நின்றுவிடும்.

பழைய செல்களை மீட்பது

இந்த வேலைக்குக் கிளவ் பாக்ஸ் இல்லாமலே பெரும்பகுதி நடத்தலாம். மூலப்பொருள் பழைய மடிக்கணினிகளில் கிடைக்கும். முதல் அபாயமும் அங்கேதான். உப்பு நீரில் போட்டு செல்லை இறக்குவது பரவலான பழக்கம். நேர்முனை அரித்துப் போய்த் தொடர்பு அறுந்தால், உள்ளே மின்னூட்டம் மிச்சமிருக்கும், வெளியே மீட்டர் பூஜ்யம் காட்டும். உறை அரித்து எலக்ட்ரோலைட் கசிந்தால் லித்தியம் ஹெக்சாஃபுளோரோ பாஸ்பேட் நீரோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு தரும். மடிக்கணினியில் இருக்கும் உருளை வடிவ 18650 செல் ஒன்றுக்கு 10 ஓம், 5 வாட் மின்தடையத்தைப் பொருத்தி இறக்குங்கள். 2 ஆம்பியர்-மணி மிச்சமிருந்தால் ஆறு மணி நேரம் போல ஆகும். கழற்றியதும் மின்னழுத்தம் திரும்ப ஏறும். ஓர் இரவு வைத்து மறுபடி அளந்து, 1 வோல்ட்டுக்குக் கீழே நிலைத்த பிறகுதான் திறக்க வேண்டும்.

கரைப்பது சுலபம். 2 மோலார் கந்தக அமிலமும் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடும் 70, 80 டிகிரியில் லித்தியம் கோபால்ட் ஆக்சைடை ஓரிரு மணி நேரத்தில் ஏறத்தாழ முழுதும் கரைத்துவிடும். பெராக்சைடு கோபால்ட்டை மூன்றிலிருந்து இரண்டு நிலைக்கு இறக்குவதால்தான் அது நடக்கிறது. '99 சதவீதம் கரைந்தது' என்ற கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. அதில் இனி ஆராய்ச்சி மிச்சமில்லை என்பதே எங்கள் கருத்து. கரைத்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் கேள்விகள் உள்ளன.

கணக்குப் போடுங்கள். 1 கிலோ லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கரைக்கச் சமன்பாட்டின்படியே 1.5 கிலோ கந்தக அமிலம் வேண்டும். பிறகு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் கோபால்ட்டையும், சோடியம் கார்பனேட் சேர்த்து லித்தியத்தையும் வீழ்படிவாக்கினால், அந்தக் கந்தகம் எல்லாம் சோடியம் சல்பேட்டாக வெளியேறும்: சுமார் 2.2 கிலோ. எடுத்த பொருளைவிட இரண்டு மடங்கு உப்பு. இதை எங்கே கொட்டுவது?

சிட்ரிக் அமிலம் பசுமையானது என்ற பேச்சையும் இதே தராசில் வைக்கலாம். அடிக்கடி காணும் நிலை 1.25 மோலார், லிட்டருக்கு 20 கிராம் திண்மம். லிட்டருக்கு 240 கிராம் அமிலம் போட்டு 20 கிராம் பொருளைக் கரைக்கிறோம், கிலோவுக்கு 12 கிலோ அமிலம். அது உலோகத்தைப் பிடித்துக்கொள்வதால் அடுத்து வீழ்படிவாக்குவதும் கடினம், மிச்சம் கழிவுநீரில் கரிமச் சுமையாகப் போய்ச் சேரும். எலுமிச்சையில் இருக்கிறது என்பதற்காக ஒரு செயல்முறை நீடித்தது ஆகிவிடாது. அமிலத்தைத் திரும்ப எடுக்கும் வழியோடு வந்தால் மட்டும் அது நல்ல ஆய்வுப் பொருள்.

இந்தத் துறையின் பெரிய பலம் நிறைச் சமன்பாடு. உள்ளே போன ஒவ்வொரு உலோகமும் எங்கே போனது என்று எழுத வேண்டும். முதலில் ராஜ திராவகத்தில் முழுக் கரைப்பு செய்து அடிப்படை அளவு, பிறகு ஒவ்வொரு வடிநீரும், கழுவிய நீரும், எச்சமும் உலோக அளவைக் காட்டும் ஐ.சி.பி. கருவிக்குப் போக வேண்டும். கூட்டுத்தொகை 95க்கும் 105 சதவீதத்துக்கும் நடுவே நிற்காவிட்டால் ஏதோ ஒழுகுகிறது. பெரும்பாலும் லித்தியம்தான், கழுவும் நீரில். லித்தியம் கார்பனேட் பெரும்பாலான உப்புகளுக்கு நேர்மாறு, சூடு ஏற ஏறக் கரைதிறன் குறையும். 20 டிகிரியில் 100 மி.லி.க்கு 1.33 கிராம், 100 டிகிரியில் 0.72 கிராம். பழக்க தோஷத்தில் குளிர்ந்த நீரில் கழுவினால் லிட்டருக்கு 13 கிராம் வரை சாக்கடையில் போகும். கொதிநீரில், குறைந்த அளவில் கழுவுங்கள்.

சட்டமும் இந்தப் பக்கம் நிற்கிறது. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் மின்வாகன பேட்டரிகளுக்கான மீட்பு அளவை 2026-27 முதல் 90 சதவீதமாக வைத்தன. இது பேட்டரியின் உலர் எடையில் கணக்கு. கோபால்ட்டை மட்டும் பொறுக்கி எடுத்தால் 90 வராது, கிராஃபைட்டும் கணக்கில் வந்தாக வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் லித்தியமே எடையில் 4.4 சதவீதம்தான், விலைபோகும் உலோகம் வேறில்லை. இரும்பு பாஸ்பேட் வண்டிகள் பெருகும் நாட்டில் கரைக்காமல், படிகத்துக்குள் லித்தியத்தைத் திரும்ப நுழைத்துப் புதுப்பிக்கும் வழியும் கிராஃபைட் மீட்பும் காத்திருக்கும் வேலைகள்.

தோல்வி பற்றிய கேள்விக்கு வருவோம். என்.எஃப்.பி.பி.யில் எதிர்பார்த்த கொள்ளளவு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்க வசதிகள் வேண்டும். இல்லாவிட்டால் கையில் எதுவும் இல்லை. மீட்பு வேலையில் ஒரு செயல்முறை தோற்றாலும், எங்கே எவ்வளவு இழந்தது என்ற சமன்பாடு அப்படியே ஓர் அத்தியாயம்.

முடிவெடுக்கும் மனிதர்

மூன்றாவது தலைப்பை 'லேப் வேலை இல்லை, சுலபம்' என்று நினைத்துச் சேர்பவர்கள் ஓராண்டில் தத்தளிக்கிறார்கள். இங்கே கருவி மனிதர், அந்தக் கருவிக்கும் அளவுத்திருத்தம் உண்டு.

வழக்கமான தொடக்கம், ஒரு பொருள் உருவாவது முதல் கழிவாவது வரை சுற்றுச்சூழல் பாதிப்பைக் கணக்கிடும் வாழ்வுச்சுழற்சி மதிப்பீடு. இதற்கான மென்பொருள்களில் ஓபன் எல்.சி.ஏ.வும் பிரைட்வேயும் இலவசம், ஈகோஇன்வென்ட் தரவுக்குப் பணம் கட்ட வேண்டும். எல்லாம் எதை அலகாக எடுக்கிறோம் என்பதில் புரளும். ஒரு பேட்டரியைச் செய்ய கிலோவாட்-மணி கொள்ளளவுக்கு 70 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது, 3000 சுற்று உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றுக்கு 55 கிலோ, 1500 சுற்று. கொள்ளளவுக் கணக்கில் இரண்டாவது வெல்லும். ஆயுள் முழுக்க, 80 சதவீத ஆழத்தில், தந்த மின்சாரத்துக்குக் கணக்கிட்டால் முதலாவது 0.029 கிலோ, இரண்டாவது 0.046. தரவரிசை தலைகீழ். அந்த 3000 என்ற எண் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் யாரோ ஒருவரின் 2 மி.கி. பூச்சு காயின் செல்லிலிருந்து. அதைக் கேள்வி கேட்கத் தெரிந்த வேதியியலாளர் இந்தத் துறைக்கு அவசியம் தேவை.

அடுத்தது நிபுணர்களிடம் எடை வாங்குவது. ஏ.எச்.பி. (பகுப்பாய்வுப் படிநிலை) முறையில் அளவுகோல்களை இரண்டிரண்டாக 1 முதல் 9 வரை ஒப்பிடச் சொல்வார்கள். பத்து அளவுகோல் என்றால் 45 கேள்வி. பாதியிலேயே சலித்துப்போய், பதில் முரண்படத் தொடங்கும். முரண் விகிதம் 0.1ஐத் தாண்டினால் அந்தப் படிவத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும். சரிசெய்கிறேன் என்று நீங்களே எண்களை மாற்றினால் அது மோசடி. ஆறு அளவுகோலோடு நிறுத்துங்கள், 15 கேள்விதான். பெரிய பிழை வேறு: 'விலையா, கோபால்ட் பயன்பாடா' என்று வீச்சைச் சொல்லாமல் கேட்பது. ஒப்பிடும் பேட்டரிகளுக்குள் விலை இரண்டே சதவீதம் வேறுபட்டாலும் மக்கள் விலைக்குப் பழக்கப்பட்ட பெரிய எடையைத் தருவார்கள். எல்லாம் மோசமான நிலையில் இருக்கிறது, ஒன்றை மட்டும் சிறந்த நிலைக்கு உயர்த்தலாம், எதை உயர்த்துவீர்கள் என்று ஸ்விங் முறையில் கேளுங்கள்.

வாங்குபவரை ஆராய்வதென்றால், உதாரணமாக மின் ஆட்டோ ஓட்டுநர்கள் விலை, ஓடும் தூரம், ஆயுள் இவற்றில் எதை விட்டு எதை எடுக்கிறார்கள் என்பது தெரிவுச் சோதனைக்கு (கற்பனை வாய்ப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது) ஏற்ற கேள்வி. ஓர் அம்சத்துக்கு அதிகபட்சம் நாலு நிலை, ஒருவருக்கு எட்டுக் கேள்வி, கேள்விக்கு மூன்று தெரிவு என்றால் பொதுவிதிப்படி குறைந்தது 84 பேர். குழு குழுவாகப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் அதைப் பல மடங்காக்க வேண்டும். மனிதர் பங்கேற்பதால் நெறிமுறைக் குழு ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். வேதியியல் துறையில் இதற்குப் பழக்கம் இல்லாததால் மாதக்கணக்கில் இழுக்கும். காகிதத்தில் ஆம் என்பவர் கடையில் பணம் தருவாரா என்பதும் தனிக் கேள்வி. பொருளாதாரம் அல்லது மேலாண்மைத் துறையிலிருந்து இணை வழிகாட்டி இல்லாமல் இதில் சேர வேண்டாம். கல்லூரி ஆசிரியர் பணி எண்ணம் இருந்தால், பட்டத்தில் துறை 'வேதியியல்' என்றே அச்சாகுமா என்று சேரும் முன் எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால், பட்டம் வேதியியலுக்குச் சமம் என்ற பாட இணைத்தன்மைச் சான்றுக்காகப் பிறகு அலைய நேரும்.

எங்கள் தேர்வு

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் போலவோ ஐ.ஐ.டி. போலவோ கருவி நிறைந்த இடம் கிடைத்தால் சோடியம் எடுங்கள், முழு செல்லைக் கேள்வியின் மையமாக வைத்து. மாநிலப் பல்கலைக்கழகமோ கல்லூரியோ என்றால் மீட்பு வேலை, அதில் இரும்பு பாஸ்பேட்டும் கிராஃபைட்டும். அந்த ஆய்வேட்டுக்குக் கடைசி அத்தியாயமாக உங்கள் சொந்த நிறைச் சமன்பாட்டில் கட்டிய வாழ்வுச்சுழற்சி மதிப்பீட்டைச் சேர்த்தால், மூன்றாம் தலைப்பின் நல்ல பாதி கிடைத்துவிடும். முழுக்க முடிவெடுப்பியல் என்பது புள்ளியியலில் உண்மையான விருப்பம் உள்ளவருக்கு.

கையெழுத்துப் போடும் முன் ஒருநாள் அந்த ஆய்வகத்தில் போய் உட்காருங்கள். கைடிடம் கேட்பதைவிட மூன்றாம் ஆண்டு ஸ்காலரிடம் கேளுங்கள்: சைக்ளரில் எத்தனை சானல் இப்போது உண்மையில் ஓடுகிறது, கிளவ் பாக்ஸின் வாயுச் சுத்திகரிப்பானைக் கடைசியாக எப்போது ரீஜெனரேட் (புதுப்பித்தல்) செய்தார்கள், ஐ.சி.பி.க்கு அனுப்பிய மாதிரி எத்தனை நாளில் திரும்பும், கடைசியாகப் பட்டம் வாங்கியவர் எத்தனை ஆண்டில் வாங்கினார். முடிந்தால் ஒரு செல்லின் மூலக் கோப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், அதே மாதிரியில் செய்த மற்ற இரண்டு செல்களின் கோப்போடு சேர்த்து.